விமலநாதனின் கரவனுக்குள் தண்ணீர் வந்த வழி

அன்று டயர்க்கடை முற்றத்தில் நின்றவர்கள் இவர்கள்தான்: மரிசலின் ஆகிய நான், என் தம்பி பேனாட், அவன் மனைவி பிளோறன்ஸ், எங்களிடம் கரவனை வாங்கிய விமலநாதன், அவர் மனைவி யோகம், அந்தக் கடையில் வேலை செய்யும் சிவகுருநாதன். வேறு எவரும் இல்லை. என் மனைவி பற்றிமா அன்று முதியோர் இல்லத்தில் வேலைக்கு நின்றாள். ஆகவே அவள் சொன்னதாக உலாவும் எதுவும் அவள் கண்ணால் கண்டதல்ல. ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்டில் இப்போது “நானும் நிண்டனான்” என்று சொல்கிறவர்கள் பலர். அவர்கள் நிற்கவில்லை.

கரவன் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை எல்லாம் உள்ளே இருக்கும். பேனாட் அதைப் பழையதாக வாங்கிப் பல வருடம் வைத்திருந்தான். ஆவணி மாதம் கெவலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர்கள் யாத்திரை போகும்போது எங்கள் குடும்பம் அதில்தான் போய்த் தங்கும். பிள்ளைகள் வளர்ந்து, பெற்றோரோடு படுக்க மாட்டோம் என்று சொன்ன பிறகு, 2006ஆம் ஆண்டு பங்குனி மாதம் அதை விமலநாதனுக்கு விற்றான். விமலநாதனும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். நல்ல மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோயில் படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும்போது அவர் சத்தமாகச் சொன்னார்.

“பேனாட் கெட்டிக்காரன். கரவன் எண்டு சொல்லி எனக்கு நீச்சல் தடாகம் வித்துப் போட்டார்.”

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

விசாரித்தேன். கதவுக்குப் பக்கத்து இருக்கையின் பின்சுவர் ஈரத்தில் ஊறி, விரலால் அழுத்தினால் பாண்போல உள்ளே போகிறது. இருக்கைக்குக் கீழே பெட்டியில் வைத்த யோகத்தின் பட்டுச்சேலை பூஞ்சணம் பிடித்துவிட்டது. இன்னொரு குற்றமும் சொன்னார். கரவனின் கூரை ஓரத்தில் நீளத்துக்கு ஓர் அலுமினியப் பீலி இருக்கிறது. முன்கூடாரத்தின் துணியை அதற்குள் நுழைத்து இழுத்துத்தான் கூடாரம் அடிப்பது. அப்படி இழுத்தபோது துணி கிழிந்துவிட்டதாம். “எல்லாம் தெரிஞ்சுதான் வித்தவை” என்றார்.

வித்தவர் என்றால் பேனாட் மட்டும். வித்தவை என்றால் எங்கள் குடும்பம் முழுவதும்.

கெவலாரில் மாதா சொரூபத்தின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுப்பது எங்கள் குடும்பம். அது நாங்கள் கேட்டு வாங்கிய உரிமையல்ல, பங்கு மக்கள் தந்தது. அன்றே பாதரிடம் போய், இந்தக் கதைக்கு ஒரு முடிவு தெரியும்வரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொரூபத்தைத் தொட மாட்டோம் என்று சொன்னேன்.

“ஒரு கரவனுக்காகவோ, அண்ணை?” என்றார் பாதர்.

“கரவனுக்கில்லை, பாதர். கள்ளன் எண்ட பேரோடை மாதாவைத் தூக்க ஏலாது.”

பேனாட்டைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கதவுப் பக்கம் தன் காலத்தில் ஒருநாளும் ஒழுகியதில்லை என்றான். தம்பியின் சொல் எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. எனவே எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். நடுவில் நிற்கச் சிவகுருநாதனைக் கேட்டேன். அவர் சைவம். எங்கள் கோயிலுக்கும் வருவதில்லை, எங்கள் கொண்டாட்டங்களுக்கும் வருவதில்லை. டயர்க்கடை முற்றத்தில் தண்ணீர்க் குழாயும் ஏணியும் இருந்தன.

“உங்கட கோயில் சண்டைக்குள்ளை என்னை ஏன் அண்ணை இழுக்கிறியள்?” என்றார்.

“உங்களுக்கு ரெண்டு பக்கத்திலையும் சொந்தமில்லை. அதுதான்.”

“அப்ப சரி. ஆனால் மத்தியானம் சாப்பாடு உங்கட பக்கமோ அவையின்ர பக்கமோ எண்டு முதலே சொல்லிப் போடுங்கோ.”

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, கடை பூட்டியதும் கூடினோம். கொஞ்ச நாளாக மழை இல்லை, சுவர் ஓரளவு காய்ந்திருந்தது. அது நல்லது. ஏற்கனவே நனைந்த சுவரில் புது ஈரம் தெரியாது.

விமலநாதன் வந்த வேகத்தில் குழாயை எடுத்துக் கூரைக்கு அடிக்கப் போனார். சிவகுருநாதன் தடுத்தார்.

“மேலையிருந்து அடிச்சால் தண்ணி வழிஞ்சு எல்லா இடத்தாலையும் போகும். பிறகு எதாலை வந்தது எண்டு கடவுளுக்கும் தெரியாது. கீழையிருந்து துண்டு துண்டாய் மேலை போவம். ஒரு இடம் முடிஞ்சு, உள்ளை காஞ்சிருக்கு எண்டு சொன்னாப் பிறகுதான் மற்ற இடம்.”

“அப்ப நான் பிடிக்கிறன்” என்று பேனாட் கையை நீட்டினான்.

“வேண்டாம், வேண்டாம்!” என்றார் விமலநாதன். “ஓட்டை எங்கை எண்டு தெரிஞ்ச ஆள் அதை விட்டிட்டு மற்றப் பக்கம் அடிப்பார்.”

பேனாட்டின் முகம் சிவந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். குழாயைச் சிவகுருநாதன் பிடிப்பதென்றும், உள்ளே பிளோறன்ஸும் யோகமும் ஆளுக்கொரு டோர்ச்சோடு இருப்பதென்றும் முடிவானது. ஒருவர் காய்ந்திருக்கிறது என்றால் மற்றவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சக்கரத்துக்கு மேலே அடித்தோம். காய்ந்திருந்தது. பக்கத்துப் பெட்டியின் மூடி. காய்ந்திருந்தது. பக்க யன்னல். அதுவும் அப்படியே. உள்ளேயிருந்து இரண்டு குரலும் மாறி மாறி வந்தன. தொடக்கத்தில் விறைப்பாக “இல்லை”, “இல்லை” என்றவர்கள் கொஞ்சத்தில் சேலை விலை கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“அக்கா, சுவரைப் பாருங்கோ!” என்று சிவகுருநாதன் வெளியேயிருந்து சத்தம் போட வேண்டியிருந்தது.

முன் யன்னலுக்கு வந்தபோது விமலநாதன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். யன்னல் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு நீளத்துக்கு வெள்ளையாகச் சிலிக்கோன் பூசியிருந்தது. குளியலறை ஓடுகளுக்குப் பூசுகிற அதே சிலிக்கோன்.

“இது என்ன, பேனாட்?”

விமலநாதன் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

“நான் இதைப் பூசேல்லை. கரவன் செய்தவனும் இதைப் பூச மாட்டான். இது என்ன?”

“அது கனகாலத்துக்கு முதல் ஒருக்கா ஒழுகினது. அடைச்சனான். பிறகு ஒழுகேல்லை” என்றான் பேனாட்.

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். தம்பி பொய் சொல்லவில்லை. கதவுப் பக்கத்தைத்தான் நான் கேட்டேன், அதைப் பற்றித்தான் அவன் பதில் சொன்னான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பொருளை விற்றால் அதன் குறையைச் சொல்லித்தான் விற்போம். கேட்டால்தான் சொல்வேன் என்பது எங்கள் வீட்டுப் பேச்சல்ல.

“டேய், அது மறைச்சதுதான்” என்றேன்.

“பெரியண்ணை, நான்…”

“மறைச்சதுதான்.”

விமலநாதன் கையைத் தட்டினார். “அப்ப முடிஞ்சுது. உங்கட வாயாலையே வந்திட்டுது. குழாயைப் பூட்டுங்கோ.”

“முடியேல்லை” என்றேன். “முன் யன்னல் ஒழுகினால் முன்சுவர் நனையும். உங்கட சுவர் நனைஞ்சது கதவுப் பக்கம். சிவகுருநாதன், யன்னலுக்கு அடியுங்கோ.”

நன்றாக அடித்தார். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. யோகமே அதைச் சொன்னாள். பிறகு குழாயை மெல்ல மேலே கொண்டுபோய், கதவுக்கு மேலே ஓடும் அலுமினியப் பீலிக்குள் தண்ணீரை விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பிளோறன்ஸ் கத்தினாள்.

“வருது! அத்தான், வருது! இருக்கைக்குப் பின்னாலை வருது!”

யோகமும் “ஓம், வருது” என்றாள்.

சிவகுருநாதன் ஏணியில் ஏறிப் பீலிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனார். சட்டென்று கையை உதறினார். விரலில் இரத்தம்.

“இஞ்ச ஒரு முள்ளு நிக்குது” என்றார். அடுத்த கணம், “முள்ளில்லை. ஆணி. உள்ளையிருந்து வெளியாலை வந்திருக்கு” என்றார்.

எல்லாரும் கதவுக்கு உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தோம். கதவுக்கு மேலே, அந்த ஆணி இருக்க வேண்டிய அதே இடத்தில், ஒரு குருத்தோலைச் சிலுவை இருந்தது.

ஜெர்மன்காரர்கள் ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறுக்கு ஏதோ ஒரு பச்சைச் செடியின் கொப்பைப் பிடிக்கிறார்கள். எங்கள் பூசைக்கு ஓலை வரவழைக்கிறோம். மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து வாசலுக்கு மேலே அடிப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் என் வீட்டு வாசலுக்கு மேலே கல்லுச் சுவர். கரவனின் சுவரோ உள்ளே ஒரு மெல்லிய பலகை, நடுவில் பஞ்சுபோல ஒன்று, வெளியே தகரம்போல அலுமினியம், அவ்வளவுதான். மொத்தமாக இரண்டு விரல் தடிப்பும் வராது.

“இதை ஆர் அடிச்சது?” என்று கேட்டார் சிவகுருநாதன்.

“நான்தான்” என்றார் விமலநாதன். அவருடைய குரல் இறங்கிவிட்டது. “குருத்து ஞாயிறண்டு. வீட்டிலை கிடந்த ஆணி. கொங்கிறீட்டுக்கு அடிக்கிறது.”

“கொங்கிறீட்டுக்கு அடிக்கிற ஆணியை பிஸ்கட் பெட்டிக்கு அடிச்சிருக்கிறியள். கூடாரத் துணியும் இதிலைதான் கொளுவிக் கிழிஞ்சிருக்கு.”

யோகம் முன்னால் வந்தாள். “அவரைப் பேசாதேங்கோ. நான்தான் அடிக்கச் சொன்னனான். வாசலுக்கு மேலை சிலுவை இல்லாமல் பிள்ளையளோடை ஒரு இடத்திலை எப்பிடிப் படுக்கிறது?” என்றவள், என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, மந்திரிச்ச ஓலையாலை இப்பிடி ஒரு அழிவு வருமோ? நாங்கள் ஏதும் குறை விட்டிட்டமோ?”

“ஓலையாலை வரேல்லை, பிள்ளை. ஆணியாலை வந்தது.”

“மாதா மன்னிப்பா, அக்கா” என்றாள் பிளோறன்ஸ். “கரவன்தான் மன்னிக்காது.”

யோகம் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். விமலநாதன் குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். அதை அவரே பிடுங்க வேண்டும் என்று நான் நின்றேன். பாதி ஆணி துருப்பிடித்திருந்தது.

செய்ய வேண்டியதை அங்கேயே பேசினோம். பீலியைக் கழற்றி, ஓட்டையைத் துப்புரவாக்கி, சுவிங்கம்போல ஒட்டிக்கொள்ளும் பியூட்டில் பட்டியை வைத்து மறுபடி பூட்டுவது. இருக்கையைத் திறந்து காற்றாடி போட்டு உலரவிட்டு, ஊறிய பலகையை வெட்டி மாற்றுவது. அது விமலநாதனின் வேலை. சிலுவையை யோகம் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் அதே இடத்தில் ஒட்டினாள்.

“முன் யன்னல் பேனாட்டின்ர வேலை” என்றேன். “யன்னலைக் கழற்றி, அந்தச் சிலிக்கோன் முழுவதையும் சுரண்டி எடுத்து, அதுக்கும் பியூட்டில் வைச்சுப் பூட்டிக் குடு.”

“அண்ணை, தண்ணி வந்தது அவரின்ர ஆணியாலை. யன்னல் ஒரு சொட்டும் விடேல்லை. வேலை எனக்கோ?”

“ஓம். உனக்குத்தான்.”

“சிலிக்கோன் சுரண்டுறது எண்டால் என்ன எண்டு தெரியுமோ? துளி மிஞ்சினாலும் பியூட்டில் ஒட்டாது. நகம் தேஞ்சு போகும்.”

“தேயட்டும்.”

விமலநாதனே, “விடுங்கோ அண்ணை, பரவாயில்லை” என்றார். நான் விடவில்லை. பேனாட் அடுத்த வாரம் தனியாகப் போய்ச் செய்து கொடுத்தான். விமலநாதன் கோப்பி கொடுத்தாராம். குடிக்காமல் வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் விமலநாதன் அதே கோயில் படியில் ஏறி நின்றார். “நான் பேனாட்டைப் பற்றிச் சொன்னது பிழை. தண்ணி நான் அடிச்ச ஆணியாலை வந்தது” என்றார். அப்படிச் சொல்வது லேசான காரியம் அல்ல. அவர் இறங்க முன் நானும் ஏறிச் சொன்னேன்: “முன் யன்னல் ஒருக்கா ஒழுகி அடைச்சதை என்ர தம்பி சொல்லாமல் வித்தவன். அதுவும் பிழை.” பேனாட் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டான். என்னோடு கதைக்கவும் இல்லை. கெவலாரில் சொரூபத்தைத் தூக்கும்போது எனக்குப் பக்கத்தில்தான் நின்றான், அவனுடைய இடம் அது. அங்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளை மட்டும் சரியாகக் கொடுத்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. சென்ற மாதம் பக்கத்து ஹாகன் நகரிலிருந்து இரண்டு பெண்கள் யோகத்தின் வீட்டுக்கு வந்து, கரவனைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் கைப்பையில் வெறும் போத்தல். குருத்தோலைச் சிலுவையிலிருந்து தண்ணீர் சுரந்ததாம், விமலநாதனின் மகளுக்கு இழுப்பு நோய் குணமாகியதாம். யோகம் பயந்துபோய் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னதும் அவள்தான். எங்கள் ஆட்கள் சிலர், “அண்ணை, விடுங்கோ. அந்தக் கதையிலை விமலநாதனும் பிழையில்லை, உங்கட தம்பியும் பிழையில்லை. எல்லாருக்கும் நல்லதுதானே” என்கிறார்கள். அப்படி வருகிற நல்ல பெயர் எங்களுக்கு வேண்டாம்.

சிலுவையிலிருந்து தண்ணீர் வரவில்லை. ஆணி போன ஓட்டையால் மழைத்தண்ணீர் வந்தது. விமலநாதனுக்கு மகள் இல்லை, இரண்டும் ஆண்பிள்ளைகள்.