அரைக் கட்டை ஏறிய படம்

ஏழு மணிக்கு எங்கள் கச்சேரிப் படம் இணையத்தில் ஒளிபரப்பாக வேண்டும். கடைசியாக ஒருமுறை கேட்போமே என்று ஆறரைக்குக் காதில் மாட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. படம் முழுக்கச் சுருதி அரைக் கட்டை ஏறிக் கிடந்தது!

வேறு யார், காத்தெல்லோதான். நேப்பிள்ஸ் கல்யாணங்களில் முப்பது வருடம் கித்தார் வாசித்துவிட்டு எங்களுக்கு ஒலிப்பதிவு செய்ய வந்தவர்.

"சுருதி எறங்கியிருந்துச்சும்மா. பாவம், வாசிச்சவங்க மானம் போகக் கூடாதேன்னு ரெண்டு நாள் உக்காந்து சரி பண்ணேன்."

"அண்ணே, முந்நூறு வருஷப் பழைய பாட்டு! அந்தக் காலச் சுருதிக்கு வேணும்னேதான் எறக்கி வாசிச்சாங்க!"

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

சொல்லவில்லைதான். பழைய இசையில் ஊறிய எங்கள் கூட்டத்தில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் யாருக்கும் சொல்வதே இல்லை.

ஜெர்மனியிலிருந்து ஓர் இசைவிழாக் குழு இன்று பார்க்கிறது. பிடித்தால் அழைப்பார்கள். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் வாசிக்கும் எங்கள் தலைவி நுன்சியாத்தா ஆறு வருடமாகத் தட்டும் கதவு அது. அவர்கள் காதுக்கு முதல் சுரமே போதும், கதை முடிந்துவிடும்.

நல்லவேளை, மூலப் பிரதி என்னிடம் இருந்தது. உடனே ஏற்றத் தொடங்கினேன். நாங்கள் கூடியிருந்த தேவாலய மண்டபத்து இணையம் ஆமையாக நகர்ந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அறுபத்திரண்டு சதவீதம்.

நுன்சியாத்தா எழுந்தாள். "வாயப் பொளந்துட்டு நிக்காதடி. படம் முடிஞ்சு பேசறதுக்குக் கேமரா வச்சிருக்கல்ல? வாத்தியமெல்லாம் இங்கதான இருக்கு. படம் ஏறுற வரைக்கும் நாங்க வாசிக்கிறோம்."

"வெளிச்சம் பத்தாதுடி!"

"ஜன்னலத் தொற!"

திறந்தேன். ஏழு அடித்தது. 'படம் வரும்வரை நேரடி வாசிப்பு' என்று திரையில் எழுதிவிட்டுக் கேமராவை ஓடவிட்டேன். வாத்தியக்காரர்கள் ஐந்து பேரும் வாசிப்பில் பாய்ந்தார்கள். படப்பிடிப்பில் இவர்கள் இப்படி வாசித்ததே இல்லை, சத்தியமாக. பாதியில் ஒரு வயலினில் ஆட்டுக் குடலில் திரித்த பழங்கால நரம்பு ஒன்று பட்டென்று அறுந்தது. அதை வாசித்தவள் சிரித்தபடி மற்ற மூன்று நரம்புகளில் சமாளித்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நூறு சதவீதம். படத்துக்கு மாற்றும் பொத்தான்மேல் விரலை வைத்தேன்.

"இரும்மா, இரு!" காத்தெல்லோ என் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினார். விழாக் குழுவின் பெயரில் ஒரு வரி வந்திருந்தது: "தயவுசெய்து படத்தைப் போட்டுவிடாதீர்கள், இதுவே தொடரட்டும்."

விரலை எடுத்தேன். கத்திவிடாமல் இருக்க அதே கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.