கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே

புதிதாக வந்த மட்கார்டு கதவோடு ஒத்துப்போகவில்லை. மேலே பென்சில் நுழைகிற சந்து, கீழே வரவரச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ராய்ஸ் ஸ்பேனரை வைத்துவிட்டு, அதைச் செய்தவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். டூப்ளிகேட் சாமானைத் திட்டாமல் பழைய காரைப் புதுப்பிக்கிறவன் மிச்சிகன் முழுக்கத் தேடினாலும் அகப்பட மாட்டான். அதிலும் இந்த இடது மட்கார்டுக்குத் தனிப் பெயர் உண்டு. பழைய கார்ச் சந்தைகளில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நாலு பேர் கையை உதறிக்கொண்டு வருவார்கள். இதுவரை அதில் ஒன்றுகூட மாட்டிப் பார்க்காத ராய்ஸ் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். மாட்டத் தெரியாதவனுக்கு எந்த மட்கார்டும் கோணல்தான் என்பது அவன் வாதம்.

கார் டெல்பர்ட் குஸ்மாவுடையது. எழுபத்தெட்டு வயது. ஃபிளின்ட் ஊர்க் கார்த் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம், ஓடுகிற வரிசையில் நின்று மட்கார்டு மாட்டியவர். இந்த அறுபத்தேழாம் வருஷக் காருக்கும் அவர்தான் மாட்டினார். அளவு பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. ஆள்காட்டி விரலைச் சந்தில் மேலிருந்து கீழே ஓட்டுவார். ஒரு நூல் பிசகினாலும் விரல் சொல்லிவிடும். கட்டையை வைத்து ஓர் அடி, இடுப்பால் ஓர் இடி, அடுத்த கார். மற்ற வரிசைக்காரர்கள்கூட, சந்தேகம் வந்தால் டெல்பர்ட்டின் விரலைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். பாதங்களில் உணர்ச்சி இல்லை. கைக்கும் அது ஒருநாள் வரும் என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தார். அதனால் தினமும் காலையில் காப்பிக் கோப்பையின் விளிம்பில் இருக்கும் சின்னக் கீறலை விரலால் தேடுவார். அது அகப்பட்டால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். இதை ராய்ஸிடம் சொன்னவள் அவர் மனைவி ஜோனெல்.

பழைய மட்கார்டு இத்துப்போயிருந்தது. ஒட்டுப் போட்டு அதையே வைக்க முடியுமா என்று டெல்பர்ட் இரண்டு தடவை கேட்டார். ராய்ஸ்தான், ஒட்டுப் போட இரண்டு மாசம் ஆகும், புதுசு என்றால் ஒரே நாள் வேலை என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, பழையதை வெட்டி இரும்புக் கடைக்கு அனுப்பியிருந்தான்.

திட்டி முடித்தபின், எங்கே கோணல் என்று பார்க்க உள்ளங்கையை மட்கார்டின்மேல் ஓட்டினான். சக்கர வளைவுக்கு மேலே, நாலு விரற்கடை அகலத்தில், தகடு லேசாகத் தட்டையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாது. கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தட்டை அவனுக்குத் தெரிந்த தட்டை. அவனே செய்தது.

எண்பத்தொன்றாம் வருஷம், பனியில் வழுக்கிக் கம்பத்தில் மோதிய இதே மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இடது மட்கார்டு ஒன்று அவனிடம் வந்தது. இருபத்திரண்டு வயசு ராய்ஸ் பட்டி வைக்காமல், வெறும் சுத்தியலாலும் ஈயத்தாலும் டிங்கரிங் செய்து நிமிர்த்தினான். வேலை அவ்வளவு பிரமாதமாக வந்ததால் எந்தக் காரிலும் மாட்ட மனசு வராமல் சுவரில் தொங்கவிட்டான். ஒன்பது வருஷம் முன்பு, டூப்ளிகேட் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்காரர், அச்சு எடுக்க அடிபடாத ஒரிஜினல் ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார். தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து சுத்தியலே படாதது என்று ராய்ஸ் அதை எடுத்துக் கொடுத்தான். யாரும் அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. தன் கைவேலையை எவனாவது கண்டுபிடிக்கிறானா என்று பார்க்கிற திமிர், வேறொன்றுமில்லை. வந்தவர் தடவிப் பார்த்து நம்பிவிட்டார். ராய்ஸ் அதை நினைத்து நினைத்துப் பல நாள் தனியாகச் சிரித்திருக்கிறான்.

மட்கார்டின் மேல்பரப்பு நிமிர்ந்தது, ஆனால் மொத்தத் தகடும் கீழ்ப்பக்கம் உள்வாங்கிப் போயிருந்தது. எந்தக் காரிலும் மாட்டிப் பார்க்காததால் அவனுக்கே அது தெரியாது. அதிலிருந்து எடுத்த அச்சில் வந்ததுதான் இந்தப் புது மட்கார்டும். அந்தக் கம்பத்தில் இடித்த இடி இப்போது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் திட்டியது அவனைத்தான்.

ஓரத்தில் கம்பி வைத்து வெல்டிங் செய்து, அராவி, பெயின்ட் அடித்தால் சந்து நேராகிவிடும். பத்து நாள் வேண்டும். அதற்குள் ஜோனெல் போனில் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை டெல்பர்ட்டின் இடது காலை வெட்டி எடுக்கப்போகிறார்கள், அவருடைய இதயம் தாங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை, எப்படி இருக்கிறதோ அப்படியே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்துவிடு என்றாள். ராய்ஸ் அந்த இடைவெளியை அப்படியே விட்டுப் பெயின்ட் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பனியும் மழையும் கலந்து பெய்தது. காரை லாரியிலிருந்து இறக்கி டெல்பர்ட்டின் கராஜுக்குள் விட்டதும் ஜோனெல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டெல்பர்ட் காரின் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. இடதுபக்கக் கதவருகே கொண்டுபோகச் சொன்னார். விரல் சந்தில் மேலிருந்து கீழே இறங்கியது, பாதியில் நின்றது, திரும்ப மேலே போய் மறுபடி இறங்கியது.

“ராய்ஸு, கீழ வரவர அகலுதேடா. கால் அங்குலம் கூடுதலா இருக்கும்போல. சந்துதான் கோணலா, இல்ல என் விரல் பொய் சொல்லுதா?”

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் கிழவர் மனசை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று ராய்ஸ் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவனுக்குப் பயம். அந்தச் சுவர் மட்கார்டுவரை போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கோழைத்தனம்.

“சரியாத்தான் இருக்கு டெல்பர்ட். மேலயும் கீழயும் ஒரே அளவு.”

டெல்பர்ட் மனைவியைப் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, ராய்ஸுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றாள். அவர் விரலை எடுத்து மடியில் வைத்தார். மறு கையால் அதை அழுத்திப் பார்த்தார், நகத்தால் கிள்ளியும் பார்த்தார்.

“அப்போ இதுவும் போச்சு” என்றார்.

காருக்குள் உட்கார வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்கவே இல்லை. குளிருகிறது, உள்ளே தள்ளு என்று ஜோனெல்லிடம் சொன்னார். ராய்ஸ் குறுக்கே போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். கம்பம், ஈயம், கம்பெனிக்காரர், தான் சொன்ன பொய், சந்து கீழே கால் அங்குலம் கூடுதல்தான், விரல் சொன்னது அத்தனையும் நிஜம்.

டெல்பர்ட் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு, அதுதான் ராய்ஸைக் கொன்றது.

“ஒரு நிமிஷத்துல எவ்ளோ பெரிய கதைடா கட்டிட்ட. உன் டிங்கரிங்கப் பத்தி நீயே மட்டமாப் பேசி நான் கேட்டதே இல்ல. எனக்காகப் பேசுற பாரு, நீ நல்லவன்டா.”

“கதை இல்ல. சத்தியமா. கையக் குடுங்க, இன்னொரு தடவை வச்சுப் பாருங்க” என்று ராய்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவர் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். “வேணாம்டா. வைக்கிற ஒவ்வொரு தடவையும் அகலமாத்தான் தெரியும்.”

ஜோனெல்லின் கண் கலங்கியிருந்தது. ராய்ஸின் தோளைத் தட்டி, இப்படியொரு மனசு யாருக்கு வரும் என்று நன்றி சொன்னாள். பிறகு நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.