போய்வரும் நேரம்

“இது வைரம் மாதிரி தெரியுதாம்மா?”

கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துவிட்ட சின்ன மேசையில் மடிக்கணினி இருந்தது. அவன் அதை அம்மாவின் பக்கம் திருப்பினான். கருப்புத் திரையின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் குறி. அம்மா தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தாள்.

“எனக்கு யாரு வைரம் வாங்கிக் குடுத்தா, அது எப்படி இருக்கும்னு தெரியறதுக்கு?”

“காதுல விழுது, காதுல விழுது” என்று சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. அவன் எழுந்து முதுகைத் தாங்கப் போனான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் இருமல் அடங்கிவிட்டது.

“தெரியுது கண்ணா. ஆமான்னு போடு.”

அன்று காலையில் நர்ஸம்மா வந்து நாடி பார்த்துவிட்டுப் போகும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பேசணும்னு இருக்கிறதை இன்னைக்கே பேசிடுங்க தம்பி.” அவன் தலையாட்டினான். உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். என்ன பேசுவது? அம்மாவை எப்படித் தூக்கிச் சாய்த்து உட்கார வைப்பது என்று அப்பாவுக்குத் தெரியும். எந்த மருந்து எப்போது என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவன் அந்த வாரம்தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்திருந்தான். இந்த வீட்டில் இப்போது அவனுக்கென்று ஒரு வேலையும் இல்லை.

அப்போதுதான் அம்மா தன் கணினியைக் கேட்டாள்.

நகரக் குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள் அவள். எந்த மோட்டார் ஓட வேண்டும், எந்தத் தொட்டி நிரம்புகிறது என்பதெல்லாம் அவளுடைய கருப்புத் திரையில் வரி வரியாக ஓடும். அவள் ஒரு வரி தட்டினால் எங்கோ ஒரு மோட்டார் நிற்கும். ‘கன்ட்ரோல் ரூம் அக்கா’ என்றால் வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பாட்டுக் கேட்பதும் கடிதம் அனுப்புவதும்கூடக் கருப்புத் திரையில் தட்டித்தான். திரையில் பொம்மைப் படங்களைத் தொட்டு வேலை வாங்குவதெல்லாம் அவளுக்கு ஆகாது.

இப்போது அவளால் எதையும் தட்ட முடியவில்லை. எண்டர் விசையை மட்டும் ஒரு விரலால் அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். திரை வெறுமையாக இருந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் அடுத்த வரி வந்தது: ‘சொல், என்ன செய்யட்டும்’ என்று கணினி காத்திருக்கும் அந்த ஒற்றை வரி. அவர்கள் தொழிலில் அதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். வரியின் வலது மூலையில் 31 டிகிரி என்று இருந்தது. அம்மா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி கண்ணை மூடினாள்.

பார்த்துக்கொண்டிருந்த அவனுக்குப் பொறுக்கவில்லை. சலித்துப்போய்த்தான் கண்ணை மூடுகிறாள் என்று நினைத்தான்.

“என்னம்மா இது, ஒரே ஒரு வரி காட்டறதுக்கு இவ்வளவு நேரமா? மெஷின் சூட்டை வேற காட்டுது. முப்பத்தொண்ணு. சூடெல்லாம் ஒண்ணும் இல்ல, மெஷின் நல்லாத்தான் இருக்கு. ப்ராம்ப்டைத்தான் யாரோ கண்டபடி எழுதி வச்சிருக்காங்க.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “பரவால்ல கண்ணா, என்ன அவசரம்?” என்றாள்.

“நீ இரு. நான் சரி பண்ணித் தர்றேன். கண்ணிமைக்கிறதுக்குள்ள வரும் பாரு.”

அவன் குரலில் அந்த வாரத்தில் முதல்முறையாக ஓர் உயிர்ப்பு இருந்தது. அம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

“சரி, பண்ணு” என்றாள்.

பழையதை அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை, வழித்து எறிந்தான். வேகத்துக்குப் பேர்போன புதிய அமைப்பு ஒன்றை இறக்கினான். வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அது தன் வேலையைத் தொடங்கும் முன், தன் குறிகளெல்லாம் திரையில் சரியாகத் தெரிகின்றனவா என்பதில் ஆரம்பித்து வரிசையாகக் கேள்வி கேட்கும். வைரம் முதல் கேள்வி.

“இது பூட்டு மாதிரி தெரியுதா?”

“தெரியுது. சாவி எங்கேன்னு கேக்காதே, உங்கப்பா தொலைச்சிருப்பாரு.”

“ஒத்தை வரியா வரணுமா, ரெண்டு வரியா?”

“ஒண்ணு போதும்.”

“நெருக்கமா இருக்கட்டுமா, கொஞ்சம் இடம் விட்டா?”

அம்மா யோசித்தாள். “இடம் விட்டே இருக்கட்டும். மூச்சு விட வேண்டாமா?”

“நீ அழுத்தி முடிச்ச பழைய வரியையெல்லாம் சுருக்கிடலாமான்னு கேக்குது. இடம் அடைக்காது.”

“வேணாம். அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.”

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அப்பா வந்து நின்றார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தே வேலை பார்த்ததால் இப்போது உட்காரப் பிடிக்காது என்று சொல்லி எப்போதும் நின்றுகொண்டிருப்பார்.

“என்ன மேடம், இன்டர்வியூவா? கேள்விமேல கேள்வியா இருக்கு?”

“ஆமா டிரைவர் சார். வேலை கெடைச்சிடும் போல இருக்கு.”

“மெஷின் சூடு வேணாமில்லம்மா? எடுத்துடறேன்” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா சட்டென்று, “டேய், அது…” என்று தொடங்கினார். பிறகு ஏனோ நிறுத்திக்கொண்டார்.

“வேணாம் கண்ணா” என்றாள் அம்மா. “எடுத்துடு.”

முடித்துவிட்டுக் கணினியை அவள் பக்கம் தள்ளினான். பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று ஒரு வரி. அம்மா எண்டரை அழுத்திக் கண்ணை மூடினாள். திறந்தபோது வரி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். இந்த முறை கண்ணை மூட வரவில்லை. அவள் பார்வை வரியின் வலது மூலைக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி அவனிடம் வந்தது.

“நல்லா இருக்குடா. எவ்வளவு வேகம்!”

அவன் பரீட்சையில் தேறிய பையன் மாதிரி சிரித்தான். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனான்.

மதியத்துக்கு மேல் அம்மா தூங்கினாள். அவன் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டான். வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறியிருந்தபோது ஏதோ சத்தம் கேட்டு விழித்தான். அப்பா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஸ்பூனுமாகக் கட்டிலருகே நின்றார். ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் கிணுகிணுத்தது. அவர் அதை மேசையில் வைத்தார். மடிக்கணினியின் மூடியைச் சத்தமில்லாமல் தாழ்த்தினார். மின்விசிறியை நிறுத்தினார்.

“டேய், கொஞ்சம் இங்க வா” என்றார்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்காமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரோ பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தார்கள். நர்ஸம்மா, வேலை முடிந்துவிட்டது என்று போகாமல், வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் தலையை வாரிவிட்டார். வாரியத்தில் மோட்டார் ஓட்டிய பெரியவர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

“அக்கா போன்ல வந்தா, ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் ‘மோட்டாரை நிறுத்துங்க’ன்னு சொல்லும் தம்பி. தொட்டி வழிஞ்சு ஓடிட்டு இருக்கும். அப்பவும் கேக்கும்.”

அவன் சிரிக்க முயன்றான். அந்தப் பெரியவரே அழுதுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு ஒருநாள் காலையில், அவன் பல் துலக்கிவிட்டு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததே வினோதமாக இருந்தது. எதிரில் அம்மாவின் மடிக்கணினி. ஒற்றை விரலால் எண்டரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கெட்டுப் போச்சாடா?”

“ஏம்ப்பா?”

“உன் ஊரைக் காணோமே.”

“என் ஊரா?”

“இந்த மூலையில வரும். உன் ஊருல வெயில் எவ்வளவுன்னு. மழை பேஞ்சா ‘மழை’ன்னு போடும்.”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை இறக்கினான். முப்பத்தொன்று.

“அது… மெஷினோட சூடு இல்லையா?”

“மெஷின் சூட்டைப் பார்த்து அவளுக்கு என்ன ஆகணும்?” அப்பாவின் குரலில் கோபம் இல்லை. “நீ வேலைக்குப் போனப்புறம் பாடாப்பட்டு எழுதினா. தட்டினா அது உன் ஊருக்குப் போய், எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வருமாம். அதான் லேட்டு. ‘வேகமா வர வைக்க முடியாதா மேடம்’னு நான்கூடக் கேட்டேன். ‘அது போய்ட்டு வர்ற நேரத்துல அவனுக்காகக் கடவுள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். உங்களுக்கு என்ன டிரைவர் சார் அவசரம்’னு கேட்டா.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

தொலைபேசியில் அவள் கேட்பது நினைவுக்கு வந்தது. “மழையாமே, ஜன்னலைச் சாத்தினியா?” சில நாள் அவன் அலுவலகத்துக்குள் இருப்பான், மழை பெய்வதே அவள் சொல்லித்தான் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். “ம்” என்பான். பெரும்பாலும் சாத்தியிருக்க மாட்டான்.

“ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். வேணாம்னு கண்ணைக் காட்டினா. நீ போன் பேச வெளியில போனே பாரு, அப்ப சொன்னா. ‘ஆசையா பண்றான், விடுங்க. இனிமே அந்த ஊருல வெயில் அடிச்சா என்ன, மழை பேஞ்சா என்ன? அவன்தான் இங்க உக்காந்திருக்கானே’ன்னா.”

தெருவில் பால்காரரின் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. அப்பா திரையைப் பார்த்தபடி, மேசைத் துணியின் மடிப்பை நீவிவிட்டார். ஒருமுறை நீவினால் போதுமான மடிப்பை மறுபடி மறுபடி நீவினார்.

“நீ எப்ப கெளம்பறே?”

“நாளன்னைக்குப்பா.”

“ம்.” அப்பா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். “அதுக்குள்ள உன் ஊரைத் திரும்ப வர வைக்க முடியுமா? எனக்கு வேற ஒண்ணும் தட்டத் தெரியாது. இந்த ஒரு பட்டன்தான் தெரியும்.”

அன்று முழுவதும் அவன் அந்தக் கணினியின் முன் இருந்தான். அம்மா எழுதியதை அவனே அழித்திருந்தான். அவள் எப்படிக் கேட்டிருப்பாள், எங்கே கேட்டிருப்பாள் என்று அவள் வழியில் யோசித்துப் பார்த்து முதலிலிருந்து எழுதினான். சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டான்.

அப்பா உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். எண்டரை அழுத்தினார். அழுத்திய விரல் எழும் முன்பே வரி வந்துவிட்டது. வலது மூலையில் 28 டிகிரி.

“அதுக்குள்ள போய்ட்டு வந்துடுச்சா?”

“முன்னாடியே கேட்டு வாங்கி வச்சிருக்கும்ப்பா. நீங்க அழுத்தினதும் எடுத்துக் காட்டும். காத்திருக்கவே வேணாம்.”

அப்பா இன்னொரு தடவை அழுத்தினார். தலையாட்டினார். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தார் போலிருந்தது. ஆனால் சொன்னது வேறு.

“ஸ்டாப்புல நிக்காம போற பஸ்ஸு மாதிரி இருக்குடா. வேகம்தான். ஆனா யாரு ஏறுவா?”

அவன் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சேர்த்து வைத்திருப்பதை எடுத்தெறிந்தான். ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுவிட்டு வரும்படி மாற்றினான். கைப்பழக்கத்தில் குறுக்குவழியாகத்தான் எழுதியிருந்தான். போய்க் கேட்டாலும் உடனே வந்துவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நொடிகளைக் குறைப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். முதல்முறையாகக் கூட்டினான். போய்விட்டு வந்தபின்னும் இரண்டு மூச்சு நேரம் நின்றுவிட்டு வா என்று ஒரு வரி எழுதினான்.

“இப்ப பாருங்கப்பா.”

அப்பா அழுத்தினார். திரை வெறுமையாக நின்றது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் கண்களை மூடினார். உதடுகள் லேசாக அசைந்தன.

வரி வந்தது. மூலையில் 24 டிகிரி. பக்கத்தில், ‘மழை’.

அப்பா கண்ணைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் அதைப் பார்த்தார்.

“மழையாமே” என்றார். “ஜன்னலைச் சாத்திட்டு வந்தியா?”

அவனுக்கு நினைவில்லை.

“சாத்திட்டேன்ப்பா” என்றான்.

அப்பா மறுபடி எண்டரை அழுத்தினார். திரை கருப்பாகக் கிடந்தது. இருவரும் அதன்முன் உட்கார்ந்திருந்தார்கள்.