ரத்தினம்மாவின் உயிருக்கு ஒரு பாலிசி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மேல்.

போன மாதம் சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் நேராக என்னைப் பார்த்து, நாளைக்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் எப்படிச் சமாளிக்கும் என்று கேட்டார். நான் முகத்தைச் சற்று சோகமாக வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீட்டுக் கடன் முதல் என் மூக்குக்கண்ணாடி வரை எல்லாம் அவள் சம்பளம். நான் கதை எழுதுகிறேன். அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு புக்‌ஷெல்ஃப் காலியாகும் லா," என்றாள்.

அந்த ரோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதும் துணிச்சல் இல்லாததால் கதையை 1909க்குத் தள்ளிவிட்டேன். அவ்வளவு பழைய மனிதர்கள் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "சிராங்கூன் சாலையில், சாயும் சூரியன் எருமைகளின் முதுகில் பொன்னை வாரி இறைத்த வேளையில்..."

(வேண்டாம். எருமை முதுகில் சேறுதான் இருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "மனித உயிரின் விலை என்ன என்று உலகம் தோன்றிய நாள்முதல் அறிஞர்கள்..."

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாவது தேறியது. நாகூர்க்காரரான காதர் மைதீன், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, சிராங்கூன் சாலையில் தேக்கா பக்கத்து மாட்டுக் கொட்டகைகளுக்குள் சாணியைத் தாண்டித் தாண்டி நுழைந்தார். அவர் முன்பு துணி வியாபாரி. வியாபாரம் நொடித்ததும், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஆயுள் இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டானார். சொந்த ஜனங்களிடம்தான் முதலில் போனார். இது வட்டியில்லையா, சூதாட்டமில்லையா என்று அவர்கள் கேட்டார்கள். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால், அந்தக் கேள்வியைக் கேட்காத தெருவாகப் பார்த்து வந்து சேர்ந்தார்.

இந்தத் தெரு மற்ற எல்லாவற்றையும் கேட்டது. சாகாவிட்டால் கட்டின பணம் திரும்பி வருமா? ஊருக்குப் போகிற கப்பலில், நடுக்கடலில் போய்ச் சேர்ந்தால் பணம் உண்டா? புலி அடித்தால்? வெள்ளைக்காரன் கடையை மூடிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டால் யார் சட்டையைப் பிடிப்பது? இதில் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் செத்துப்போவேனா என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: புலி விஷயத்தை நான் சரிபார்க்கவில்லை. கதையில் புலி வராது. காத்திருக்க வேண்டாம்.]

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு, படிப்பறிவில்லாத அந்தக் காலத்து மக்கள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதுவதுதான் என் திட்டம். பிறகுதான், எங்கள் வீட்டு சோபாவில் நானும் அன்று வந்திருந்த என் மச்சானும் மாற்றி மாற்றிக் கேட்டவை ஏறக்குறைய இதே கேள்விகள் என்பது நினைவுக்கு வந்தது. புலியை மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

3

காதர் மைதீன் அடுத்து நுழைந்தது மருதப்பன் கொட்டகை. கொட்டகை மருதப்பன் பெயரில் இருந்தது. வேலை அவர் மனைவி ரத்தினம்மாவின் தலையில் இருந்தது. கறப்பது, வீடு வீடாக ஊற்றுவது, பாக்கி வைத்த வீட்டு வாசலில் பேசாமல் நின்று வாங்குவது எல்லாம் அவள்தான். மருதப்பன் நல்ல மனிதர். மாடுகளுக்குப் பெயர் வைப்பார்.

குடும்பத் தலைவரோடு ஒரு சின்னப் பேச்சு என்று ஏஜெண்ட் சொன்னதும் மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாவைப் பற்றிப் பேசுவதில் காதர் மைதீன் கெட்டிக்காரர். அல்லா காப்பாற்றட்டும், ஒருவேளை, எப்போதாவது, மனுஷ உடம்புதானே என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ரத்தினம்மா மாட்டு மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவருக்கு எதுக்கு பாய்? எனக்குப் போடுங்க," என்றாள்.

(முதல் பிரதியில் அவளுக்குப் பெரிய குரலும் பெரிய உடம்பும் கொடுத்து, கணவனை மிரட்டும் கேலிப் பாத்திரமாக்கியிருந்தேன். இந்த ஒரு வரியை எழுதியபின் அந்தக் குரல் அவளுக்குப் பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.)

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள். "ஏன் ஹஸ்பண்ட் மட்டும் இவ்ளோ வேஸ்டா இருக்காரு?" என்று கேட்டாள். முழுக்க முழுக்கக் கற்பனை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

4

ரத்தினம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கும் அப்போது தெரியாது. அவளை முக்காலியிலிருந்து எழுந்து நிற்க வைத்தபோதுதான் தெரிந்தது. ஏழாம் மாதம்.

போன பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிது. ரத்தம் நிற்கவில்லை. இனி ஒன்று வந்தால் என் கையில் இல்லை என்று மருத்துவச்சி அப்போதே சொல்லியிருந்தாள். இருக்கிற இரண்டும் பெண் குழந்தைகள். சிறியது இன்னும் கன்றுக்குட்டியோடு படுத்துத் தூங்குகிற வயது.

காதர் மைதீன் தன் வழக்கப்படி, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது தங்கச்சி என்று தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

"செத்துருவேன்னு சொல்லல பாய். பயமா இருக்குன்னு சொல்றேன். நான் போயிட்டா இவரு அழுவாரு. நல்லா அழுவாரு. அவரு அழுது முடிக்கிறதுக்குள்ள மாடு கைவிட்டுப் போயிரும். பொண்ணுங்கள யாராச்சும் அடுப்படி வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. பணத்த அந்த ரெண்டு பேருக்கும் எழுதி வைக்கணும். அவ்வளவுதான்."

மருதப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காதர் மைதீன் ஆபீசில் கேட்டு வருகிறேன் என்றார். சிரிப்புக் கதை எழுத வந்தவனுக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டு தேநீர் போடப் போனேன்.

5

முடிவு அ: ராபிள்ஸ் பிளேஸில் கம்பெனி ஆபீசில் காதர் மைதீன் மேசையைத் தட்டி முழங்குகிறார். ஒரு தாயின் உயிருக்கு... துரையின் நீலக் கண்களில் நீர்...

(இரண்டு பக்கம் எழுதினேன், வெட்கமில்லாமல். என் கதையைப் படித்துக்கூட யாரும் அழுததில்லை. அந்தத் துரை எதற்கு அழப்போகிறார்?)

முடிவு ஆ: ரத்தினம்மா வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு கம்பெனி டாக்டர் முன்னால் நிற்கிறாள். டாக்டர் ஏமாறுகிறார்.

(இதுவும் ஆகாது. எதையாவது மறைத்தது பின்னால் தெரிந்தால் கம்பெனி பணம் தராமல் போகலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜெண்ட் எச்சரித்திருந்தார். அப்படி ஆனால் கடைசியில் ஏமாறுவது அந்தப் பெண் பிள்ளைகள்தான்.)

ஆகவே நடந்தது இது. காதர் மைதீன் குமாஸ்தா மேசைக்கு முன் நின்று கேட்டார். குமாஸ்தா தலையைத் தூக்காமல் பதில் சொன்னார். கர்ப்பிணிக்குக் கிடையாது. பிரசவம் முடிந்து, உடம்பு தேறிய பிறகு வரச்சொல். திரும்பும்போது டிராமிலிருந்து முன்னாலேயே இறங்கி, எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்து கொட்டகைக்கு வந்தார்.

அவர் சொன்னதை ரத்தினம்மா கேட்டுக்கொண்டாள்.

"பொழச்சு வந்தா தருவாங்களா?"

"ஆமா தங்கச்சி."

"பொழச்சுட்டா இந்தப் பயம் ஏது பாய்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

6

அடுத்த பத்தி நான் திட்டமிடாதது. ரத்தினம்மா முக்காலியைக் காலால் கணவன் பக்கம் தள்ளினாள்.

"எந்திரிச்சு வாங்க. செவலகிட்ட உக்காருங்க," என்றாள்.

மருதப்பன் பெயர் வைத்த மாடுகளில் செவலைதான் முரடு. அவர் கை பட்டதும் அது உதைத்தது. செம்பு உருண்டது. கன்று மிரண்டு ஓடப் பார்க்க, காதர் மைதீன் கறுப்புக் கோட்டோடு அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பெனி ஏஜெண்டுகளுக்கு அந்த வேலை கிடையாது. ஆனால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. மருதப்பன் கறக்கவும் செய்தார், அழவும் செய்தார். இப்போது எதற்குப் புள்ள இதெல்லாம் என்றார்.

"அழறத அப்புறம் அழுங்க," என்றாள் ரத்தினம்மா. "கட்டவிரல மடக்காதீங்க. அதுக்கு வலிக்கும்."

அன்று செம்பின் அடி நனையும் அளவுக்குப் பால் வந்தது. மறுநாளும் உட்கார வைத்தாள். பால் ஊற்றப் போகும்போதும் கூடவே அழைத்துப் போனாள். எந்த வீட்டில் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க வேண்டும் என்று காட்டினாள்.

7

இனி பிரசவம்.

"ஒரு வெள்ளிக்கிழமை வலி எடுத்தது. மருத்துவச்சி..."

"உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. ஆனால்..."

"உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. ரத்தினம்மா கண்ணைத் திறந்து..."

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்தக் குமாஸ்தாவை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன். இப்போது நானும் அவளிடம் அதையேதான் சொல்கிறேன்: பிரசவம் முடிந்து வா, எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட நாகரிகமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், அகப்படவில்லை.

முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். பிழைக்க வைக்கலாம், வைக்காமலும் போகலாம். எழுதுகிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் நான் விட்டுவந்த நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மருதப்பனுக்குக் கை கொஞ்சம் பழகியிருக்கிறது. செவலைதான் இன்னும் அவரை நம்பவில்லை. பாதிக் கறவையில் காலைத் தூக்குகிறது. ரத்தினம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.