திருஷ்டிக்குக் கட்டிய கீர்த்திமுகம்

ஜனங்களின் பசி கொஞ்சம் அடங்கட்டும் என்று நான் ஒரு முகம் செய்தேன். அது தாம்பரத்தில் ஒரு கடைக்கு வியாபாரத்தைப் பெருக்கிக் கொடுத்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கீர்த்திமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். கோயில் மாடங்களுக்கு மேலே பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லுமாக உட்கார்ந்திருக்கும், உடம்பே இருக்காது. பசி தாங்காமல் தன் காலில் தொடங்கித் தன்னையே தின்று, கடைசியில் முகம் மட்டும் மிஞ்சிய பூதம் அது என்று கதை. 2005-இல் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க எக்ஸ்சேஞ்ச் மேளா போர்டுகள் தொங்கின. நன்றாக ஓடுகிற டிவியைக் கொடுத்துவிட்டு அதைவிடப் பெரிய டிவி வாங்க வரிசையில் நின்றார்கள். அந்தப் பூதத்தை மறுபடி செய்ய வேண்டிய நேரம் இதுதான் என்று தோன்றியது. ஃபைபரில் ஆள் உயரத்துக்கு முகம் வார்த்தேன். கண்ணுக்கு வாஷிங் மெஷின் கதவுகள், பல்லுக்கு ஃபிரிட்ஜ் கைப்பிடிகள். தன் கையைத் தானே தின்கிற வாய், அதில் கடைசியாக மிஞ்சிய விரல்கள், அவற்றில் ஒரு ரிமோட். ‘இன்னும்’ என்று பெயர் வைத்தேன். நகரத்தில் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

கண்காட்சி முடிந்ததும் வைக்க இடமில்லை. சேலையூரில் எங்கள் வாடகை வீட்டுக் கதவுக்குள் அது நுழையாது. கோபு அண்ணாதான் தன் கோடவுனில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மேற்குத் தாம்பரத்தில் வீட்டு உபயோகச் சாமான் கடை வைத்திருப்பவர். எனக்குப் பழைய கதவையும் கைப்பிடியையும் சும்மா கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனுஷர். அதுதான் பெரிய தொல்லை.

ஒரு வேலையாகக் கும்பகோணம் போய்த் திரும்பி வந்தால், அவர் கடைக்கு மேலே முதல் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் நடுவில் என் கீர்த்திமுகம் தொங்கியது. நெற்றியில் குங்குமம், இரண்டு பக்கமும் எலுமிச்சையும் மிளகாயும். மேஸ்திரி கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காய் மழையில் ஊறி விழுந்துவிட்டதாம். அவசரத்துக்கு இதை எடுத்துக் கட்டினார்களாம்.

நான் கத்தினேன். இது சிற்பம், உங்கள் கடையில் சாமான் வாங்காதே என்று சொல்வதற்காகவே செய்த சிற்பம் என்றேன். கோபு அண்ணா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இன்னா சார், இதுக்குப் போயி கோச்சிக்கினு. இத்தப் பாத்தா எவன் கண்ணு சார் என் கடை மேல நிக்கும்?”

இறக்கச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சூடம் காட்டிக் கட்டியாகிவிட்டது, இனிக் கட்டடம் முடிகிறவரை இறக்கக் கூடாது, இறக்கினால் மேலிருந்து ஆள் விழுவான் என்றார். அவர் பயம் பொய்யில்லை. கொத்தனார்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சாரத்தில் ஏறுகிறவர்கள் அவர்கள், நான் இல்லை. ஒரு மாடிதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

முதல் மாடிக்குப் பூச்சு முடிவதற்குள் இரண்டாவது மாடிக்குக் கம்பி வந்து இறங்கியது.

இதற்குள் பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பல்லாவரத்தில் தோல் கம்பெனி கட்டுகிறவர், கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்கிறவர், எல்லோருக்கும் ‘கோபு கடை மூஞ்சி’ வேண்டுமாம். முடியாது என்றேன். என் மனைவி துர்கா கோபப்படவில்லை. யாருமே சீண்டாத சிலை செய்கிறவனைத் தேடி முதல்முறையாக ஊர் வருகிறது, அவர்களைத் திட்ட வேண்டுமானால் செய்து கொடுக்கிற முகத்திலேயே திட்டு என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த முகத்தின் வாயில் ஒரு வீட்டையே திணித்தேன். அதற்கடுத்ததில் பல் இடுக்கில் பிள்ளையின் ஸ்கூல் பை. பார்க்கிறவனுக்குக் குமட்ட வேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் திருஷ்டி பொம்மை கோரமாக இருந்தால்தானே நல்லது. நான் எவ்வளவுக்குக் காறித் துப்பினேனோ அவ்வளவுக்குச் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். வேறு எதையாவது செய்யலாம் என்று உட்கார்ந்தாலும் கை தானாகக் கோரைப்பல் போட்டது. இந்த வேலைக்கென்றே வாடகைக்குப் பிடித்த பட்டறையின் கதவைக் காலையில் திறக்கும்போதே மூச்சு முட்டியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வந்தது. கோபு கடையிலிருந்துதான்.

அப்போதுதான் ஹெப்சி மேடம் போன் செய்தார். கல்லூரியில் கலை வரலாறு சொல்லிக்கொடுப்பவர், டெல்லியில் நடக்கவிருந்த ஒரு பெரிய கண்காட்சிக்குச் சிற்பங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். ‘இன்னும்’ பற்றிக் கேள்விப்பட்டேன், வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறேன் என்றார். அந்த ஒரு முகம் கைக்கு வந்தால் நான் மறுபடி சிற்பி. இல்லாவிட்டால் சாகும்வரை திருஷ்டி பொம்மைக்காரன்.

கோபு அண்ணாவிடம் கெஞ்சினேன். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பழசைவிடக் கோரமாக ஒன்று செய்து கட்டிவிட்டால் பழசை இறக்கிக்கொள்ளலாம்.

கோரத்துக்கு எனக்கென்ன பஞ்சம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. நினைத்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவர் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சவரக் கண்ணாடியை எதிரில் வைத்து, வாயைத் திறந்து பார்த்தேன். என் மூக்கு, என் பல், என் கண்ணுக்குக் கீழே தொங்குகிற தோல். அதோடு பூதத்தின் பிதுங்கிய முழியும் கோரைப்பல்லும் சேர்ந்ததும் சரியாக வந்துவிட்டது. வாய்க்குள் போகிற விரல்களில் ரிமோட் வைக்கவில்லை. என் உளி ஒன்றை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்துப் புதியதை மேலே ஏற்றினார்கள். பழையது கீழே வந்தது. தடவிப் பார்த்தேன். சூடப்புகையும் சிமெண்டும் படிந்திருந்தன, துடைத்தால் போய்விடும். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹெப்சி மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். கீழே இருந்ததைச் சுற்றிவந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அண்ணாந்தார். மேலே இருப்பதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இளமாறன், இது மத்தவங்களைத் திட்டுது. இந்த மாதிரி நான் நிறைய பார்த்துட்டேன். எனக்கு மேல இருக்கறதுதான் வேணும்.”

அவர் சொன்னது சரி. சரி என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபு அண்ணாவைப் பார்த்தேன். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

“இப்பத்தான சார் கட்னோம். கட்டடம் முடியட்டும், நானே இறக்கித் தரேன்.”

எப்போது முடியும் என்று மேடம் கேட்டார். கோபு அண்ணா மேலே கை காட்டினார். இரண்டாவது மாடித் தூண்களின் தலையில் கம்பிகள் வெட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தன, அடுத்த மாடிக்காக.

“சாரோட மூஞ்சி வந்த ராசி, யாபாரம் நல்லாக்கீது மேடம். மேல மேல போட்டுக்கினே போவ வேண்டிதான்.”

டெல்லிக்குப் பட்டியல் அந்த வாரமே போகிறது, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மேடம் அதே ஆட்டோவில் கிளம்பிப் போனார். நான் கழற்றிவைத்த முகத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். மிக்ஸி வாங்க வந்த ஒரு அம்மா மேலே பார்த்துவிட்டு, கூடுவாஞ்சேரியில் வீடு கட்டுகிறோம், இதை யார் செய்து கொடுப்பார்கள் என்று விசாரித்தார். கோபு அண்ணா பெருமையாக என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“இதே மூஞ்சிதான் வேணும் தம்பி. கொஞ்சங்கூட மாத்தாதீங்க.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எப்பம்மா வேணும்?” என்று கேட்டேன்.