கண்ணீர் அளவு

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜொல்தோஷ் அண்ணன் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் புதிய பாறையேறும் காலணியின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் இருக்குமே, அதே சந்தேகம். பிறகு எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“வெரலெல்லாம் நீட்டிப் படுத்திருக்கு தங்கச்சி. மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம்.”

அசாமத்தும் கோஸ்த்யாவும் சிரித்தார்கள். கயிறுகளும் கொக்கிகளும் புல்லில் பரப்பிக் கிடந்தன. அலா-அர்ச்சா பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் அப்போதுதான் பாறைமேல் இறங்கத் தொடங்கியிருந்தது.

“சைரா கலோஷ் போட்டுட்டு வந்துட்டா” என்றான் அசாமத். என்னைவிடச் சின்னவன். அவனுக்கும் என்னைக் கண்டால் இளக்காரம்.

எங்கள் மலையேறும் கூட்டத்தில் கலோஷ் என்பது வசவு. ஜொல்தோஷ் அண்ணன் வாலிபராக இருந்த காலத்தில் பாறை ஏறத் தனிக் காலணி ஏது? மழைக்கு மாட்டும் ரப்பர் கலோஷைத்தான் கயிற்றால் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். ரப்பர் இழுபடும். ரொம்பச் சின்னதாக வாங்கினால்தான் காலைவிட்டுக் கழன்று போகாது. மாட்டும்போது கண்ணில் நீர் வந்தால் அது சரியான அளவு. அதற்குக் கண்ணீர் அளவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பிறகு நாடு மாறியது, கொடி மாறியது, நோட்டில் இருந்த தலைகள் மாறின. கடைகளில் நல்ல காலணிகள் வந்து குவிந்தன. கலோஷ் போய்விட்டது, கலோஷுக்குச் சொன்ன விதி மட்டும் போகவில்லை. இழுபடாத காலணிக்குள்ளும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் காலைத் திணிக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், தாராளமாக இருக்கும் காலணியைத்தான் இவர்கள் கலோஷ் என்று ஏசுகிறார்கள். காலுக்குச் செருப்பு வாங்குவதை விட்டுவிட்டுச் செருப்புக்குக் காலை வெட்டும் கூட்டம்.

போன வருஷம் நானும் வெட்டிக்கொண்டேன். கரவ்ஷின் மலைகளில், விடியலில் ஏறத் தொடங்கினால் இருட்டுகிறவரைக்கும் முடியாத சுவர். கீழ்ப்பாதியில் அண்ணன் கயிற்றோடு முன்னால் போவது, மேல்பாதியில் நான் என்று ஏற்பாடு. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கண்ணீர் அளவில்தான் ஏறினேன். மதியத்துக்குள் கால் வீங்கிவிட்டது. உயரம், வெயில், இடைவிடாமல் நுனிக்காலில் நிற்பது எல்லாம் சேர்ந்தால் யார் காலும் வீங்கும். என் முறை வந்தபோது காலைப் பாறையில் வைத்தேன். உச்சந்தலை வரை வலித்தது. மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை கால் தானாகவே பின்வாங்கிக்கொண்டது. கால் வலிக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் இறங்கினோம். கூடாரத்தில் காலணியைக் கழற்றியபோது பெருவிரல் நகம் உள்ளேயே தங்கிவிட்டது.

ஊருக்கு வந்து அண்ணன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. “பயந்துட்டா.”

அந்த வார்த்தை எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பயிற்சிச் சுவரில் முன்பின் தெரியாத பையன்கள்கூட, “பரவால்லக்கா, பயம் எல்லாருக்கும் வர்றதுதான்” என்று ஆறுதல் சொன்னார்கள். நகம் மெல்ல மெல்ல முளைத்துவிட்டது. அந்த வார்த்தை இன்றைக்கும் ஆறவில்லை. பயந்திருந்தால் பயந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், அதிலென்ன கேவலம். நான் பயப்படவில்லையே.

அதனால் இந்த முறை தனியாகவே காலணி வாங்கப் போனேன், அதுவும் சாயங்காலத்தில். நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்று வேலை பார்க்கிறவள் நான். கடையைச் சாத்தும் நேரத்துக்கு என் கால் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலோடு, மெல்லிய காலுறையும் போட்டுக்கொண்டு, லூதா அக்காவின் கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். விரல்கள் நுனியைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. குதிகாலில் காற்றுக்கு இடம் இருக்கக் கூடாது. அடிப்பாகம் வாழைப்பழம் மாதிரி வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி பொருந்தியது போலிருந்தது. லூதா அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்து, “அதோடயே நில்லு, எடுத்தவொடனே வாங்காத” என்றாள். தேநீர் முடிந்து, அவள் மருமகளின் குறைகளும் முடிந்து, கடையைப் பூட்டும் நேரமும் வந்தது. கால் என்று ஒன்று எனக்கு இருப்பதே அதுவரை ஞாபகம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

அந்தக் காலணியைத்தான் இப்போது இவர் தர்பூசணி மாதிரி அமுக்கிப் பார்க்கிறார்.

“இந்த வருஷம் கரவ்ஷின்ல மேல்பாதிக்கு அசாமத் முன்னால போவான்” என்றார். “நீ மூட்டையத் தூக்கிட்டுப் பின்னால வா. சின்னச் சின்ன விளிம்புல இந்தச் செருப்பு நிக்காது.”

“ஆளு ஒசரப் பாறையில கண்ணீர் அளவு நிக்கும்ணே, ஒத்துக்கிறேன். ஏறுனதும் கழட்டிடலாம். நாள் முழுக்க ஏறுற செவுத்துல?”

“வலி தாங்கத் தெரியணும்.”

வந்ததே கோபம் எனக்கு.

“சரிண்ணே. இன்னிக்கு நாலு பேரும் காலணியக் கழட்டாம ஏறுவோம். திட்டுல நிக்கும்போதும் குதிகால வெளிய எடுக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும். யாரு கழட்டுறாங்களோ அவங்க மூட்டை தூக்கட்டும்.”

கோஸ்த்யா சீட்டியடித்தான். அண்ணன் தன் காலணியை இழுத்து மாட்டினார். முடியாது என்று சொல்ல அவரால் எப்படி முடியும்? விதியே அவருடையது.

ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். மதியம் ரொட்டியும் குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டைகளும் தின்னும்போதே கோஸ்த்யா கழற்றி வீசிவிட்டான். “மூட்டை என்ன, உங்க நாலு பேரயும் தூக்குறேன். கால விடுங்கப்பா” என்று புல்லில் மல்லாந்தான். தன்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தான். அசாமத் இன்னும் இரண்டு ஏற்றம் தாங்கினான். அதன்பிறகு கல் புகுந்துவிட்டது என்று சொல்லிக் கழற்றினான். உதறிப் பார்த்தான், கல் எதுவும் விழவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அன்றைக்கு ஒரு ருசி இருந்தது.

அண்ணன் கழற்றவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், கடைசி ஏற்றத்திலும் முன்னால் போனார். கீழே நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. காலை வைக்கும் முன்னால் ஒரு நொடி நிற்பார். வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். போன வருஷம் கரவ்ஷினில் என் கால் செய்ததை அவர் கால் அப்படியே செய்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நான் இன்னும் அதிகமாகக் கொதித்தேன். இது என்னவென்று இவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பயந்துட்டா என்று சொல்லியிருக்கிறார்.

இறங்கியதும் யாரோடும் பேசாமல் ஓடைப் பக்கம் நடந்தார். மற்ற இருவரும் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் போனேன். பனி உருகி வரும் தண்ணீருக்குள் காலணியோடு இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“கழட்டிடுங்கண்ணே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“எதுக்குக் கழட்டணும்? தூசியக் கழுவுறேன்.”

“போன வருஷம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நீங்க பயந்துட்டான்னு சொன்னீங்க.”

 திரும்பாமலே சொன்னார்.

“மேல்பாதிக்கு யாரு போறதுன்னு நாளைக்குப் பேசிக்கலாம், தங்கச்சி.”

“நாளைக்கு உங்க காலு வீக்கம் வத்திப்போயிடும்ணே. இப்பவே பேசலாம்.”

அவர் கரையேறவில்லை. நான் என் காலணியோடு தண்ணீரில் இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்றேன். எங்கள் நான்கு கால்களின் மேலும் பனித்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.