ஒற்றை சீட் வண்டி

சாக்கை நான்காய் மடித்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின்மேல் வைத்து, ராசு கயிற்றால் இறுக்கிக் கட்டினான். குடையைப் பிடித்தபடி நின்ற சின்னம்மைக்கு அப்போதுதான் உறைத்தது, அண்ணன் தன்னை அதில் ஏறச் சொல்லப்போகிறான் என்று.

தேவாலாவில் அப்பா பொன்னுத்துரை விடியும் முன்பே போய்விட்டார். இருமிக்கொண்டே சுடுதண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் சுடுவதற்குள் சாய்ந்துவிட்டார். நடுவட்டத்துக்குக் கீழே மண் சரிந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டதால், தங்கைக்குச் சொல்ல ராசு மஞ்சூர் வரை இந்த மழையில் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நாலு மணிக்கு எடுத்துருவாங்க. இந்த மழையில வச்சிருக்க முடியாது. பஸ்ஸுன்னா நாளைக்குத்தான். ஏறு புள்ள."

அவள் புருஷன் எல்லப்பன், பாதை திறந்ததும் பிள்ளைகளோடு வந்துவிடுவதாகச் சொன்னான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

வண்டியை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் அதைப் பற்றிக் கடிதங்களில் நிறையப் படித்திருந்தாள். குடும்பத்தோடு சிலோனிலிருந்து வந்த ஐந்தாம் வருஷம், ராசு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தபோது, ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை கொட்டகையில் விட்டுப்போன பழைய வண்டி அது. பங்களாவில் பம்ப் ரிப்பேருக்குப் போன இடத்தில், சீமைப் பத்திரிகை ஒன்றில் ராசு ஒரு படத்தைப் பார்த்தான். லண்டன் இளவட்டங்கள் வண்டியில் தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, டீக்கடைக்கு டீக்கடை பந்தயம் விடுவார்களாம். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை.

ஃபாக்டரி மெஷின் தெரியுமே தவிர, மோட்டார் சைக்கிள் அவனுக்குத் தெரியாது. முதல் தடவை இன்ஜினைப் பிரித்துப் பூட்டியபோது மூன்று போல்ட்டுகள் மிஞ்சின. மறுபடி பிரித்தான். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். மட்கார்டுகளை அறுத்தான். நீளமான சீட்டைப் பாதியாக வெட்டி, பின்னால் திமில் வைத்து, தையல்காரரிடம் கொடுத்து ரெக்ஸின் தைத்துக்கொண்டான். தோலை உரித்த ஆடு மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னாராம். அதையும் சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தான்.

குந்தா பாலத்துக்கு இறங்கும் வளைவில் வண்டி ஓரத்துக்கு ஓடியது. ராசு நிறுத்தினான்.

"நான் சாயிற பக்கம் நீயும் சாயணும். நீ வெறப்பா ஒக்காந்தா ரெண்டு பேருமே கீழ போயிருவோம்."

அடுத்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். அதற்கடுத்ததில் கண்ணைத் திறந்துகொண்டாள். மூன்றாவது வளைவு வரும்போது, அது வருவதற்கு முன்பே அவள் உடம்பு அதற்குத் தயாராக இருந்தது. மட்கார்டு இல்லாத சக்கரம் சேற்றை வாரி அவள்மேல் அடித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஊட்டியைத் தாண்டியதும் மழை விட்டது. பைக்காரா போகும் சாலை ஈரத்தில் மினுங்கியபடி நேராக நீண்டது. ராசு தாழ்ந்த ஹேண்டில்பாரின்மேல் குனிந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி ஒருமுறை விக்கி, பிறகு பாய்ந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் ஒன்றாகக் கலந்தன. காற்று வாய்க்குள் புகுந்தது. சின்னம்மையின் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சிலோனில், தோட்டத்து லயத்து வீடுகளின் சரிவில் கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து சறுக்கிய வயதுக்குப் பிறகு அவள் அப்படிக் கத்தியதில்லை. இன்னும் வேகமாகப் போகட்டும் என்று இருந்தது.

ராசு வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினான்.

"அழுவுறியா?"

"இல்ல."

இன்ஜின் மேல் விழுந்த தண்ணீர் சுர்ரென்று ஆவியாகிக்கொண்டிருந்தது. "சிரிச்சிட்டேன் அண்ணே," என்றாள்.

ராசு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "காலையில வரப்போ, இதே எடத்துல எனக்கு அப்பா செத்ததே மறந்துபோச்சு. எத்தன மைல் அப்படி வந்தேன்னு தெரியல."

பிறகு, திரும்பாமலே சொன்னான். "போன வாரம் அப்பா தானும் ஏறுறேன்னாரு. கூடலூர் வரைக்கும் போய்ட்டு வரலாம்னாரு. சீட்டு ஒருத்தருக்குத்தாம்ப்பான்னு சொல்லிட்டேன். இந்தச் சாக்கு அப்ப தோணல."

நேரமாகிறது என்று அவன் முதுகில் தட்டினாள். வண்டி இந்தத் தடவையும் அதே வேகத்தில்தான் போனது.

காலையில் ராசு எப்படியோ தள்ளிக்கொண்டு கடந்திருந்த மண்சரிவில் இப்போது ரோட்டு வேலைக்காரர்கள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். விஷயம் கேட்டதும் மேஸ்திரி வெள்ளியங்கிரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். நான்கு பேர் வண்டியைத் தூக்கிச் சேற்றைத் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

"ஏனுங்க, இத்தன லேசா இருக்குதுங்க? பாதி வண்டியக் கழட்டி ஊட்டுலயே வெச்சுப்போட்டீங்களா?" என்றார் மேஸ்திரி.

ராசு ஆமாம் என்றான். அவன் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனதைச் சின்னம்மை பார்த்தாள்.

தேவாலாவில் மறுபடி மழை பிடித்திருந்தது. வாசலில் பாடை தயாராக இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு ஒப்பாரி ஒரு நொடி நின்றது. தலையிலிருந்து கால் வரை சேறாக இறங்கி வந்தவளைப் பெண்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தை காத்தாயிதான் அருகில் வந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "வந்துட்டா, எம்புள்ள வந்துட்டா" என்று கட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். சின்னம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குளிர்ந்த வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

நான்கு மணி நேரமாக இன்ஜினின் அதிர்வு ஏறியிருந்த அவள் விரல்கள் இன்னும் அடங்கவில்லை. அவற்றுக்குள் அப்பாவின் கையும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

எதிரில் நின்ற ராசு அதைப் பார்த்தான். நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் கையை விடவில்லை.